நாலு மணிப் பால்

நின்றுகொண்டே தூங்க முடியுமா என்று யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். எங்கள் கடையில் வேலை பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். முடியும். தூணில் பட்டும் படாமல் முதுகைச் சாய்த்து, கையில் ஒரு புடவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே தூங்கலாம். நான் தூங்கியிருக்கிறேன். என் பெயர் சொர்ணம். தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை, அதில் இரண்டாவது மாடி, காட்டன் புடவைப் பிரிவு. வீடு ஊரூர் ஆல்காட் குப்பத்தில். மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை என்று ஆனதற்கு மறுவருஷம், ஆடி மாசத்தில் நடந்தது இது.

அந்தக் கடையில் உட்காரக் கூடாது. ஷட்டரைத் தூக்கும்போது நிற்க ஆரம்பித்தால் இறக்கிய பிறகுதான் கால் மடங்கும். ஒரு ஸ்டூல் இருந்தது, மேல்தட்டுப் புடவைகளை எடுப்பதற்கு. அதன் மேலும் ஏறி நிற்கத்தான் செய்யலாம். வாடிக்கையாளர்களுக்கு வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை உண்டு. அதைத் தட்டிப் போடுவது நாங்கள், உட்காருவது அவர்கள். எங்கள் பைகளைக் கீழே வாட்ச்மேன் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். கைக்குட்டை, சாப்பாட்டு டப்பா தவிர எதையும் கொண்டுபோகக் கூடாது. கக்கூஸ் மொட்டை மாடியில். அதன் சாவி எங்கள் மாடி சூப்பர்வைசர் மெஹபூப் அலி பாயின் இடுப்பில். பாய் நல்ல மனுஷர்தான். ஆனால் சாவி கேட்டால் முகம் சுருங்கிவிடும்.

"இப்பத்தானேம்மா போய்ட்டு வந்தே?" என்பார்.

"வயித்தக் கலக்குது பாய்" என்பேன். வயிறெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சர்க்கரை.

பங்குனியில் தெரிந்த விஷயம் அது. தண்ணீர் குடித்து மாளவில்லை, பாதம் எரிந்தது, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார்.

"இனிப்புப் பக்கமே போகாதே. காலையில இந்த மாத்திரையப் போட்டா வேளா வேளைக்குச் சாப்பிட்டே ஆகணும். பட்டினி கிடந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கம் போட்டு விழுந்துடுவே. அப்படி வந்துச்சுன்னா உடனே ஒரு வாய் சர்க்கரை அள்ளிப் போட்டுக்கோ."

"இன்னா டாக்டரம்மா, துன்னாதன்னும் சொல்ற, அள்ளிப் போட்டுக்கன்னும் சொல்ற?"

அவர் சிரித்துவிட்டார். "ஏறினாலும் கஷ்டம், இறங்கினாலும் கஷ்டம். நடுவுல நிக்கணும்."

நிற்பதைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்!

இதைக் கடையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. கீழ்த்தளத்தில் சட்டைத் துணிப் பிரிவில் வெள்ளைச்சாமி என்று ஒருவர் இருந்தார். கடை திறந்த நாளிலிருந்து வேலை பார்த்தவர். தனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, நடுவில் கொஞ்சம் உட்கார அனுமதி வேண்டும் என்று முதலாளி சங்கரன் ஐயாவிடம் போய்க் கேட்டார். முதலாளி கத்தவில்லை, திட்டவில்லை. கல்லாப் பக்கம் கூப்பிட்டு, தோளைத் தட்டி, "உடம்பைப் பாத்துக்கோப்பா. ஆத்துல நன்னா ரெஸ்ட் எடு" என்று சொல்லி, கையில் ஒரு லட்டு டப்பாவையும் கொடுத்து அனுப்பிவிட்டார். சர்க்கரைக்காரனுக்கு லட்டு! அதோடு சரி. வெள்ளைச்சாமி இப்போது எங்கள் கடைக்கு எதிர்ப் பிளாட்பாரத்தில் கைக்குட்டை விற்கிறார். அங்கேயும் நின்றுகொண்டுதான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். என் வீட்டுக்காரர் ரகுபதி கடலுக்குப் போகிறவர். மீன் பட்டால் அன்றைக்கு உலை கொதிக்கும், படாவிட்டால் என் சம்பளம்தான். பெண் பொன்மணி பன்னிரண்டாவது படிக்கிறாள். எங்கள் சந்தில் அந்த வகுப்பு வரைக்கும் போன முதல் பெண் அவள்தான். என் வேலை போனால் அவள் படிப்பு போச்சு. அவளும் ஏதாவது ஒரு கடையில் போய் நிற்க வேண்டியதுதான். என் பயம் அது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில்தான் நீரஜா அம்மா வந்து சேர்ந்தார்.

நீரஜா அம்மா முதலாளியின் மருமகள். மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. சத்துணவு பற்றிக் காலேஜில் படித்தவர், பாட்டுக் கற்றவர், குரலை உயர்த்திப் பேசவே தெரியாதவர். மருமகளும் கடையைக் கவனிக்கட்டும் என்று முதலாளி எங்கள் மாடியை அவரிடம் விட்டார். வந்த அன்றே மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் வரிசையாகக் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டார். ஒரு வாடிக்கையாளர் அம்மாள் வேறு, "உங்க கடைப் பொண்ணுங்களை எழுப்பிவிட ஒரு ஆள் போடுங்கோ" என்று குத்தலாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து நாலு மணி டீ நின்றுபோனது.

"டீல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லை" என்றார் நீரஜா அம்மா, எங்களையெல்லாம் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு. "சும்மா ஒரு தூக்கு தூக்கிட்டு, அப்புறம் தொப்புனு கீழ போட்டுடும். எங்காத்துல யாரும் டீயைத் தொடறதில்லை. இது போஷாமால்ட். புரோட்டீன், விட்டமின், இரும்புச் சத்து எல்லாம் இருக்கு. பால்ல கலந்து குடிச்சுட்டுப் பாருங்கோ. ஜிவ்வுனு இருக்கும். தூக்கம் கிட்டயே வராது."

பெருக்கித் துடைக்கும் தாயம்மா தட்டைத் தூக்கி வந்தாள். வெள்ளி நிறத் தம்ளர்களில் சூடாக, மண் நிறத்தில், நுரையோடு. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் வாசனை ஆளைத் தூக்கியது. டீ என்ற பெயரில் வெந்நீர் குடித்து வந்தவர்களுக்கு அது கல்யாண விருந்து. ஆளாளுக்குக் குடிக்காமல் சாப்பாட்டு டப்பாவில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்றவள் வேறென்ன செய்வாள்? ஆனால் நீரஜா அம்மாவுக்கு அது தெரிந்து மனசு கஷ்டமாகிவிட்டது.

"நீங்க குடிக்கணும்னுதானே நான் இவ்வளவு பண்றேன்?" என்றார். கோபமே இல்லை. அதுதான் வினை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. அவர் முன்னால் நின்று குடிக்க வேண்டும். குடித்து முடித்துத் தம்ளரைத் தட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு சொட்டு வடியக் கூடாது.

எனக்குத் தொண்டையில் இறங்கும்போதே தெரிந்தது, அத்தனையும் சர்க்கரை. குடித்த கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருக்கும். பேச்சு வரும், சிரிப்பு வரும், மேல்தட்டுப் புடவையைத் தாவி எடுக்கத் தோன்றும். அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்கள்! கண் இமையில் யாரோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். நாக்கு வறளும். கால் என்னுடையதா, அடுத்தவளுடையதா என்று தெரியாது. சர்க்கரை இல்லாதவர்களே அசந்து போனார்கள். மத்தியானம் சோறு, அதன் மேல் இனிப்புப் பால், மேலே சுற்றியும் சுற்றாத ஃபேன். ஒருத்தி கொட்டாவி விட்டால் அது அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரும்.

நீரஜா அம்மா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவார். "இப்போ எப்படி இருக்கு? ஃப்ரெஷ்ஷா இருக்கோன்னோ?"

"சூப்பரா கீதும்மா" என்போம். வேறென்ன சொல்ல? முதலாளி வீட்டு மருமகள் தன் கையால் கலந்து கொடுத்த பாலைக் குடித்துவிட்டுத் தூக்கம் வருகிறது என்று எவள் சொல்வாள்?

ஆனாலும் கொட்டாவி நிற்கவில்லை. அவர் யோசித்தார். நாங்கள்தான் நன்றாக இருக்கிறது என்கிறோமே! அப்படியானால் பால் நல்லதுதான், அளவுதான் போதவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார்.

அந்தக் கூடுதல் கரண்டிதான் என்னைக் கவிழ்த்தது. அடையாறிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். எங்கள் வேலையில் ஒன்று உண்டு, புடவையை விரித்துக் காட்டினால் போதாது, வாடிக்கையாளர் கேட்டால் எங்கள் மேலேயே கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று காட்ட வேண்டும். மாம்பழ நிறத்தில் ஒரு சுங்குடி. போட்டுக்கொண்டு நின்றேன். டீச்சரம்மா தன் தங்கையிடம் கரை பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் தூரத்தில் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. கண் விழித்தபோது வெள்ளை மெத்தையில் டீச்சரம்மாவின் மடியில் என் தலை கிடந்தது.

"ஏம்மா, புடவையைக் கட்டிக் காட்டச் சொன்னா படுத்துக் காட்டறியே!" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

"கால் தடுக்கிடுச்சும்மா, மன்னிச்சுக்குங்க" என்று மெஹபூப் அலி பாய் ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். ஆனாலும் விஷயம் கல்லா வரைக்கும் போய்விட்டது. மறுநாள் முதலாளி மாடிக்கு வந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

"அய்ய, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நல்லாத்தான் கீறேன்."

"அப்படியா? சரி. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆத்துல ரெஸ்ட் எடுத்துக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு வெள்ளைச்சாமியின் லட்டு டப்பா ஞாபகம் வந்தது.

அந்தப் பாலிலிருந்து எப்படியாவது தப்பிக்க வேண்டும். தாயம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "எனுக்கு ஊத்து, நான் குடிச்சுக்கறேன்" என்றாள் பாவம். ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் நீரஜா அம்மா நிற்கிறாரே! பால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால், ஏன், என்ன செய்கிறது, டாக்டரைப் பார்க்கலாம் வா என்று காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அவ்வளவு நல்ல மனசு. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் எப்போதோ தப்பித்திருப்பேன்.

ஆடி பிறந்தது. எனக்கு ஒரு யோசனையும் பிறந்தது. சாமி பெயரைச் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். தட்டு என்னிடம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னேன்.

"அம்மா, தப்பா நென்சிக்காதீங்க. எங்க குப்பத்து எல்லையம்மனுக்கு ஆடி முச்சூடும் விரதம் இருக்கறதா வேண்டிக்கினு கீறேன். பாலு வேணாம்மா."

நீரஜா அம்மாவின் முகம் விளக்கேற்றின மாதிரி ஆனது. "விரதமா? மாசம் பூராவா? எவ்வளவு பெரிய விஷயம், சொல்லவே இல்லையே நீ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா பாலை ஏன் வேண்டாங்கறே? விரதத்துக்குப் பால் தாராளமா ஆகுமே! சாதம்தான் கூடாது. பாலும் பழமும் சாப்பிட்டுண்டுதான் எங்காத்துல எல்லாரும் விரதமே இருக்கா."

இதை எப்படி யோசிக்காமல் போனேன்? எங்கள் குப்பத்தில் விரதம் என்றால் கூழ் ஊற்றும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மயிலாப்பூரில் விரதம் என்றால் பால்!

"தாயம்மா, இனிமே சொர்ணத்துக்கு ரெண்டு தம்ளர்" என்றார் நீரஜா அம்மா. பிறகு மாடிக்கே கேட்கும்படி, "சொர்ணம் விரதம் இருக்கா. மத்தியானம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டு யாரும் ஆசை காட்டாதீங்கோ" என்றார். எல்லோரும் என்னைப் பக்தியோடு பார்த்தார்கள். ஒரு தம்ளர் வேண்டாம் என்று போன எனக்கு இரண்டு தம்ளரும் ஒரு வாழைப்பழமும் கிடைத்தது. மத்தியானச் சாப்பாடு போனது. இரண்டு தம்ளரையும் குடித்துக் கவிழ்த்து வைத்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் பொன்மணியிடம் சொன்னேன். அவள் குதித்தாள்.

"யம்மா, உனுக்கு இன்னா பைத்தியமா? மாத்திரையப் போட்டுக்கினு மத்தியானம் துன்னாம இருந்தா இன்னா ஆவும்னு டாக்டர் சொல்லல? நேரா போய் எனுக்கு சுகர் கீதுன்னு சொல்லு."

"சொன்னா ஊட்டுக்குப் போன்னுவாங்க."

"போவட்டும். நான் எதுனா கடையில வேலைக்குப் போறேன்."

"எந்தக் கடைடீ? குந்தறதுக்கு எடம் கீற கடையாப் பாத்து வெச்சிருக்கியா?" என்று கத்தினேன். அவள் ஒரு பொட்டலத்தில் சர்க்கரையைக் கட்டி என் பையில் போட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. காலையில் இட்லியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வேன். வாட்ச்மேன் பையைத்தான் பார்ப்பான். மத்தியானம் பாயிடம் சாவி வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கக்கூஸ் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, நின்றபடி தின்பேன். ஃபினாயில் நெடியில் இட்லி. திருடித் தின்கிறவள்கூட ஒரு மரத்தடியில் நிம்மதியாக உட்கார்ந்து தின்பாள். அழுகையும் இட்லியும் சேர்ந்து விக்கும். வாயைக் கழுவிக்கொண்டு, விரதக்காரியாக இறங்கி வருவேன். நாலு மணிக்கு இரண்டு தம்ளர் பால். அப்புறம் தூக்கத்தோடு மல்லுக்கட்டு. தூக்கம் வந்தால் மடித்த புடவையை உதறித் திரும்ப மடிப்பேன். நாளெல்லாம் உதறினேன்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. தள்ளுபடியின் கடைசி வெள்ளியும் அதுதான். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிய கூட்டமெல்லாம் எங்கள் கடைக்குள் வந்துவிட்டதோ என்றிருந்தது. படிக்கட்டில் ஆள் இறங்க முடியவில்லை. மத்தியானம் சாவி கேட்கப் பாயைத் தேடினால், அவர் பில் போடும் இடத்தில் சண்டையை விலக்கிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் என்னை நகரவே விடவில்லை. ஒருத்திக்கு நீலம் வேண்டும், ஒருத்திக்கு அதே நீலத்தில் வேறு கரை வேண்டும். இடுப்பிலிருந்த இட்லி நசுங்கிக் களியானது. அதை எடுக்கக்கூட வழியில்லை.

நாலு மணி ஆனது. தட்டு வரவில்லை.

"அம்மா இன்னிக்கு வர்ல. மயிலாப்பூர்ல விளக்குப் பூஜையாம்" என்று தாயம்மா காதில் சொல்லிவிட்டுப் போனாள். அப்பாடா! அந்த மாசத்தில் நான் மனசாரச் சிரித்தது அப்போதுதான். இன்றைக்குப் பால் இல்லை, தூக்கம் இல்லை. எல்லையம்மன் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் புடவைதான் வழுக்குகிறது என்று நினைத்தேன். பிறகு நெற்றி, கழுத்து, முதுகு என்று வேர்வை கொட்டியது. ஃபேனுக்கு நேர் கீழேதான் நிற்கிறேன், ஜாக்கெட் தொப்பலாக நனைகிறது. வயிற்றுக்குள் ஒரு காந்தல். எதிரில் இருந்த பெண் என்ன விலை என்று கேட்டாள். விலைச் சீட்டு கண்ணெதிரே இருக்கிறது, படிக்க வரவில்லை. டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை! என் பையில் பொன்மணி கட்டிப் போட்ட பொட்டலம் இருந்தது. பை கீழே வாட்ச்மேனிடம். நடுவில் இரண்டு மாடிக் கூட்டம். நாலு அடி நடந்தேன். மனிதர்கள் சுவர் மாதிரி நின்றார்கள். "கொஞ்சம் வழி வுடுங்க" என்று சொன்னதாகத்தான் நினைப்பு. சத்தம் வந்ததா என்று தெரியாது.

அடுத்து எனக்குத் தெரிந்தது முதலாளியின் செருப்பு. தரையில் கிடக்கிறேன், முகத்துக்குப் பக்கத்தில் அந்தச் செருப்பு. மேலே எங்கேயோ அவர் குரல். "நான் அன்னிக்கே சொன்னேன் பாய். இவளுக்கு ஏதோ வியாதி இருக்கு. கணக்கை முடிச்சு அனுப்பிடுங்கோ. ஆத்துல ரெஸ்ட் எடுத்துக்கட்டும்."

எழுந்திரு, எழுந்திரு என்று மனசு கத்துகிறது. சுண்டு விரல் அசையவில்லை. பொன்மணியின் முகம்தான் தெரிந்தது. அவள் ஏதோ ஒரு கடையில் தூணோரமாக நிற்கிறாள்.

"ஐயோ, சொர்ணமா!"

நீரஜா அம்மாவின் குரல். பூஜையை முடித்துப் பிரசாதத்தோடு வந்திருக்கிறார். "வியாதியெல்லாம் ஒண்ணுமில்லை மாமா. மாசம் பூரா விரதம் இருக்கா பாவம். இன்னிக்கு நான் வரலை, பாலும் இல்லை. அதான் துவண்டு விழுந்துட்டா. தாயம்மா, ஓடு!"

என்னைப் பக்கத்து மெத்தைக்கு நகர்த்தி, தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பட்டுப் புடவை. தம்ளர் உதட்டில் பட்டது. எவ்வளவு மாவைக் கொட்டினார்களோ, களி மாதிரி இருந்தது. நான் அதை எவ்வளவு வெறுத்தேன்! அந்த நேரத்தில் என் உடம்பு அதைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக் குடித்தது. இன்னும் கொடு என்று நாக்கு கேட்டது. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. வேர்வை அடங்கியது. கண் தெளிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். மெத்தையில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்ததும் பதறி எழுந்து நின்றேன். சுற்றி நின்ற வாடிக்கையாளர்கள் 'ஹா' என்றார்கள். ஓர் அம்மாள் கையே தட்டிவிட்டாள்.

"பாத்தேளா மாமா!" நீரஜா அம்மாவின் கண்ணில் தண்ணீர். "சித்த நேரம் முன்னால பொணமாட்டம் கிடந்தா. ஒரு தம்ளர்! எப்படி எழுந்து நிக்கறா பாருங்கோ! பாய், நீங்களும் பாத்தேள்தானே?"

மெஹபூப் அலி பாய் என்னைப் பார்த்தார். என் பக்கமாகக் குனிந்து, தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டார். "சுகரா? எங்க அம்மாவுக்கும் சாப்பிடலைன்னா இப்படித்தான் வரும். சொல்லிடவாம்மா?"

"சொன்னா நானும் எதிர் பிளாட்பாரம்தான் பாய்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "ஆமாம்மா, பாத்தேன்" என்றார் நீரஜா அம்மாவிடம்.

"அது என்ன பால்ங்க? பேர் என்ன?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். இன்னொருத்தியும் கேட்டாள். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, கேட்டவர்களைப் பார்த்தார். வியாபாரி அல்லவா! என்னை அனுப்பச் சொன்ன வாய் மூடுவதற்குள் வேறொன்று சொன்னது.

"நாளையிலேர்ந்து தள்ளுபடி முடியற வரைக்கும் வாசல்ல ஒரு மேஜை போடு. வரவாளுக்கெல்லாம் ஒரு தம்ளர் இலவசம். நம்ம சொர்ணத்தை அங்க நிறுத்து. நடந்ததை அவ வாயாலேயே சொல்லட்டும்."

"அவ குடிக்கறதையும் பாத்தா இன்னும் நம்பிக்கை வரும்" என்றார் நீரஜா அம்மா.

இப்படியாக என் வேலை போகவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் கடை வாசலில் பந்தல், மேஜை, பெரிய எவர்சில்வர் பாத்திரம். எனக்குப் புதுச் சீருடைப் புடவை, தலையில் நீரஜா அம்மா கையால் வைத்துவிட்ட மல்லிகை. கூட்டம் நின்றது. எதிர்ப் பிளாட்பாரத்தில் வெள்ளைச்சாமி கைக்குட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்குச் சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் நான் நிற்கிற நிலையைப் பார்த்தால் அவருக்குத் தெரியாமலா போகும்? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"குடி சொர்ணம்" என்று நீரஜா அம்மா தம்ளரை நீட்டினார். குடித்தேன். கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு வடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த கூட்டம் வந்தது, அடுத்த தம்ளரும் வந்தது.

வெயில் ஏறியது. இமை கனத்தது. அப்போது ஓர் அம்மா வந்தாள். கையில் பிளாஸ்டிக் கூடை, என் வயசுதான் இருக்கும்.

"என் பொண்ணு பன்னெண்டாவது படிக்கறாங்க. புஸ்தகத்தத் தொட்டாலே தூங்கித் தூங்கி விழறா. இதக் குடுத்தா தூக்கம் வராதா?"

நீரஜா அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே கல்லாவிலிருந்து முதலாளியும் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"வராதும்மா. தாராளமாக் குடுங்க" என்றேன். "எம் பொண்ணும் பன்னெண்டாவதுதான். அவளுக்கும் இதத்தான் குடுக்கறேன்."

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். நீரஜா அம்மா எனக்கு இன்னொரு தம்ளரை நிரப்பினார்.